சுவரளவு எழுத்தும் கட்டைவிரல் குப்பியும்

நான் எழுத்துரு வரைபவள். ஒரு மருந்து கம்பெனியின் விளம்பரப் பலகைகளுக்காக ஒன்று வரைந்து கொடுத்தேன். தடித்த கோடு நல்ல கனம், மெல்லிய கோடு தலைமுடி அளவு, முனைகளில் செரிஃப் என்கிற கூரான குட்டிக் கோடுகள். பெரிதாகப் போட்டால்தான் அதற்கு உயிர். சிறிதாக்கினால் மெல்லிய கோடுகள் காணாமல் போய், தடித்தவை மட்டும் வேலிக்கால் மாதிரி வரிசையாக நிற்கும். "தலைப்புக்கு மட்டும்தான் சார், வேற எதுக்கும் போட்டுராதீங்க" என்று படித்துப் படித்துச் சொன்னேன். மேலாளர் மண்டையை மண்டையை ஆட்டினார்.

ஆட்டிவிட்டு, கட்டைவிரல் அளவு சொட்டு மருந்துக் குப்பியில் அதையே போட்டுத் தொலைத்திருக்கிறார்! அங்கே எந்த லேபிளையும் தாளில் அச்சடித்துப் பார்க்கிற வழக்கமே கிடையாது. கூட்ட அறைத் திரையில் சுவர் முழுக்கக் காட்டுவார்கள். நாலு பேர் "சூப்பர்" என்றால் அச்சகத்துக்குப் போய்விடும்.

கண் மருந்துக்கும் காது மருந்துக்கும் ஒரே மாதிரிக் குப்பி. என்னை வளர்த்த அத்தை, காது மருந்தைக் கண்ணில் விட்டுக்கொண்டார். பார்வை திரும்புமா என்று டாக்டரால் இன்னும் சொல்ல முடியவில்லை.

"விடுடி, யாரையும் திட்டாத. என் கண்ணுதான் மங்கிப்போச்சு, நான்தான் சரியா பாக்கல" என்றார் அத்தை, ஒரு கண்ணில் கட்டோடு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தப்பு பண்ணினவர் ஏசி அறையில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறார், இவர் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறார்!

மறுநாள் காலையில் இரண்டு குப்பிகளையும் எடுத்துக்கொண்டு போனேன். அடுத்த லாட் லேபிள் அன்றைக்குத்தான் அச்சேறப் போகிறது. நிறுத்தச் சொன்னேன். மேலாளர் கூட்ட அறைத் திரையில் லேபிளைச் சுவர் முழுக்கப் போட்டுக் காட்டினார்.

"பாருங்க மேடம், எவ்ளோ தெளிவா இருக்கு! உங்க ஃபான்ட்தானே? நீங்க பெருமைப்படணும்."

"சுவரைத் தூக்கிட்டுப் போயா சார் கண்ணுல விட்டுக்கறாங்க?"

"வயசானவங்கன்னா கண்ணாடி போட்டுப் படிக்கணும் மேடம். அதுக்கு நாங்க என்ன பண்றது?"

என்ன நெஞ்சழுத்தம்! குப்பிகளை மேசைமேல் டொக்கென்று வைத்தேன்.

"நீங்க கண்ணாடி போட்டுத்தானே இருக்கீங்க? இதுல கண்ணுக்கு எது? சொல்லுங்க."

ஒன்றை எடுத்துக் கிட்டே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜன்னல் பக்கம் போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில், "இதுதான்" என்று ஒன்றை நீட்டினார்.

சரியா தப்பா என்று நான் சொல்லவில்லை. வாங்கி மூடியைத் திருகித் திறந்தேன்.

"கண்ணாடியக் கழட்டுங்க. அண்ணாந்து பாருங்க, ஒரே ஒரு சொட்டு விடறேன்."

மேலாளர் இரண்டு அடி பின்னால் போனார். ஒரு கையால் கண்களைப் பொத்திக்கொண்டே, மறு கையால் மேசையில் ஃபோனைத் தேடினார், அச்சகத்தைக் கூப்பிட.