பேர் தெரிந்த நாள்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் வெங்கடலட்சுமி கணவனை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, நனைந்துபோன விரிப்பை முதுகுக்கு அடியிலிருந்து உருவினாள். ஒரு கையாலேயே தாங்க முடிகிற அளவுக்கு அவர் இளைத்துப் போயிருந்தார்.

"மெதுவாத்தான் திருப்பறனுங்க. வலிச்சாச் சொல்லுங்க."

"சொல்லி?" என்றார் சென்னகேசவன். "மூணு வருசமாச் சொல்லீட்டுத்தான இருந்தேன்."

அவள் புது விரிப்பை இழுத்துச் சொருகினாள்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம், மில்லில் நூற்பு மெசின் முன்னால் நின்றிருந்தபோதுதான் முதன்முதலாக வயிற்றை முறுக்கியது. பிறகு ஒரு ஷிப்டுக்கு ஏழெட்டுத் தடவை கக்கூசுக்கு ஓட வேண்டியதாயிற்று. ரத்தமும் போனது. ஒரு டாக்டர் மூலநோய் என்று களிம்பு கொடுத்தார். இன்னொருவர் பூச்சி என்றார். மற்றொருவர் குடலில் டி.பி. என்று சொல்லி ஒன்பது மாதம் மாத்திரை கொடுத்தார். சிறுநீர் செம்மஞ்சளாகப் போனதுதான் கண்ட பலன். கடைசியாகப் பார்த்தவர் காகிதங்களை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு, "உடம்புல ஒண்ணுமில்லை. எல்லாம் மனசுதான்" என்று தூக்க மாத்திரை எழுதினார்.

மில்லில் மேஸ்திரி கக்கூஸ் வாசலில் நின்று கடிகாரம் பார்க்க ஆரம்பித்தார். வேலைக்குப் பயந்து நடிக்கிறார் என்று மெமோ வந்தது. அன்று சாயங்காலம் சோறு போட்டுக்கொண்டே வெங்கடலட்சுமி சொன்னாள்: "அந்த டாக்டர் சொல்றாப்புல, மனசைக் கொஞ்சம் தைரியமா வெச்சுக்குங்க."

பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு அவர் கையைக் கழுவ எழுந்து போனார். அதற்குப் பிறகு அவளிடம் வலி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை குளியலறையில் விழுந்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. குடல் ஓட்டையாகி ஒரு நாளுக்கு மேல் ஆகியிருக்கும் என்றார்கள், ஆபரேஷன் செய்த டாக்டர்கள். அந்த ஒரு நாளும் அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்து அவள் டிவி சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தாள்.

பதினொரு மணிக்கு டாக்டர் சாயிரா பானு ஒரு காகிதத்தோடு வந்தாள். ஆபரேஷனில் வெட்டியெடுத்த குடலைச் சோதித்த முடிவு.

"டி.பி. இல்லீங்க. க்ரோன்ஸ்னு ஒரு நோய். குடல்ல நாள்பட்ட புண்ணு. நம்ம பக்கம் அதிகமாப் பாக்கறதில்ல, அதனாலதான்..."

சென்னகேசவன் கண்ணைத் திறந்தார். "என்ன பேருங்க?"

"க்ரோன்ஸ்."

"அப்ப மனசு இல்லீங்களே?"

"இல்லீங்க. ஆரம்பத்துல இருந்தே இதுவாத்தான் இருந்திருக்கும்."

அவர் டாக்டரை விட்டுவிட்டு மனைவியைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அவர் முகத்தில் சந்தோஷம் இருந்தது.

"கேட்டயா?"

"கேட்டனுங்க."

"எங்க, சொல்லு."

"குரோன்சு."

"மில்லுல போய்ச் சொல்லோணும். மறந்துறாத."

டாக்டர் பின்னாலேயே வெங்கடலட்சுமி வெளியே வந்தாள். "இதுக்கு மருந்து இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. முன்னாடியே ஆரம்பிச்சிருந்தா..." சாயிரா பானு காகிதத்தை மடித்தாள். "இப்பக் கிருமி ரத்தத்துல கலந்திருச்சு. இந்த நிலைமைல அதைக் குடுத்தா இன்னும் மோசமாயிரும்."

ஒரு மணிக்கு அவருக்குக் குளிர் வந்தது. தண்ணீர் கேட்டார். வாய்வழியாக ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்ததால், பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தாள். அவர் அதையே சப்பினார்.

"ஏனுங்க," என்றாள் குனிந்து. "அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுங்க."

கண் மூடியிருந்தது. காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. மறுபடி சொல்லலாம் என்று அவள் நெருங்கியபோது நர்சுகள் வந்து அவளை விலகி நிற்கச் சொன்னார்கள். இரண்டே கால் மணிக்கு எல்லாம் முடிந்தது.

"மன்னிச்சுக்குங்கம்மா," என்றாள் சாயிரா பானு.

"பரவால்லீங்க" என்று வெங்கடலட்சுமியின் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வேனில் அவளுடைய தம்பி பாலுசாமி பின்னால் உடலோடு உட்கார்ந்தான். அவளை முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏற்றினார்கள். பீளமேட்டில் மில்லுக்கு எதிரே வண்டி நின்றது. நாலு மணி ஷிப்ட் விட்டிருந்தது. ஆட்கள் சாலையை அடைத்துக்கொண்டு குறுக்கே போனார்கள். சென்னகேசவனோடு ஒரே மெசின் வரிசையில் வேலை பார்க்கும் காளிச்சாமி அவளைப் பார்த்துவிட்டு ஜன்னலுக்கு ஓடி வந்தார்.

"ஏனுங்க்கா, ஊட்டுக்கு அனுப்பீட்டாங்களா?"

அவள் வாயைத் திறந்தாள். அந்தப் பேர் நாக்கு வரைக்கும் வந்தது. பின்னாலிருந்து ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்தது.

"ஆமாங்க. ஊட்டுக்குத்தானுங்க."

"நல்லதுங்க்கா! ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறேன்னு அண்ணங்கிட்டச் சொல்லுங்க."

தலைமுடியெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்க, டிபன் கேரியரை மார்போடு அணைத்துக்கொண்டு, காளிச்சாமி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.