பிள்ளைக்கொரு பூவரசு

மரத்தில் பெயரோடு வயதையும் எழுத வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நான்தான். இதை நான் வேறு யாருடைய தலையிலும் கட்டியதில்லை. கட்டவும் முடியாது. அன்றைய கூட்டத்தில் இருந்த நாற்பது பேருக்கும் அது தெரியும்.

எண்பத்தொன்பதாம் ஆண்டு மாசி மாதம் அது. புளியங்கூடலிலிருந்து சைக்கிளில் அரை மணித்தியாலம் மிதித்தால் எங்கள் கடற்கரைக் கிராமம் வரும். ஊரில் பாதிப் பேர் தோட்டம் செய்யும் கமக்காரர், மற்றப் பாதி கடலுக்குப் போகும் கத்தோலிக்கர். நான் பாலர் பாடசாலை ரீச்சர், மாதர் சங்கச் செயலாளர், எங்கே ஒழுங்கில்லாத வேலை நடந்தாலும் அங்கே மூக்கை நுழைக்கும் மீனலோசனி. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தொண்டு நிறுவனத்தின் சார்பில் அரியநாயகம் என்பவர் லொறி நிறையப் பூவரசங்கன்றுகளோடு வந்திறங்கினார். சனசமூக நிலையத்தில் ‘சிறுவர் பாதுகாப்பும் சுற்றாடலும்’ என்று துணியில் எழுதிக் கட்டினோம். பதுங்குகிற பங்கருக்கென்று பனைகளைத் தறித்துவிட்டதால் உப்புக்காற்று தடையில்லாமல் ஊருக்குள் வருகிறது, கரையோரம் மரம் நடாவிட்டால் தோட்டம் துரவு மிஞ்சாது என்றார் அவர். சுற்றுக்கட்டு இல்லாத கிணறுகளுக்கு வேலி அடையுங்கள், பள்ளிக்கூடம் போகிற வயதில் பிள்ளையை வள்ளத்தில் ஏற்றாதீர்கள் என்றும் சொன்னார். பதினெட்டு வயதுக்குட்பட்ட ஒவ்வொரு பிள்ளையின் விபரத்தையும் ஓர் இடாப்பில் பதியச் சொன்னார். நல்ல மனிதர். அவர் சொன்னதில் ஒன்றும் பிழையில்லை.

ஐம்பத்திரண்டு பிள்ளைகள், ஐம்பத்திரண்டு கன்றுகள், கடற்கரை வீதியோரம் ஒரே வரிசை. ‘பிள்ளைக்கொரு பூவரசு’ என்று திட்டத்துக்குப் பெயர் வைத்ததும் நான்தான். ஆடு கடிக்காமல் ஒவ்வொரு கன்றையும் சுற்றிப் பனைமட்டையால் கூடு அடைத்தோம். பால்மாப் பேணிகளை வெட்டி நிமிர்த்தி, அந்தத் தகரத்தில் பெயர், வயது, வீடு என்று மூன்று வரி எழுதி மட்டையில் அறைவதென்று தீர்மானமானபோது, நிலையத் தலைவர் பத்திநாதர் பெயர் மட்டும் போதும் என்றார். வள்ளக்காரர், அதிகம் பேசாதவர். நான் விடவில்லை. ஐந்து வயதுப் பிள்ளையால் வாளி தூக்க முடியாது, பதினைந்து வயதுப் பிள்ளை சாட்டுச் சொல்லக்கூடாது, வயது தெரிந்தால்தானே யாரைக் கேட்பதென்று தெரியும், வீடு தெரிந்தால்தானே போய் ஏசலாம் என்று வாதாடினேன். பத்திநாதர் தகரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ரோட்டாலை போறவனெல்லாம் வாசிப்பான், ரீச்சர்” என்றார்.

வாசிக்கட்டுமே என்றேன். வாசிக்கத்தானே எழுதுகிறோம்.

அந்தக் கரையில் எங்கே தோண்டினாலும் உப்புத்தண்ணீர். கன்று வேர்பிடிக்கும்வரை வீட்டுக் குடிதண்ணீரில் ஒரு வாளி கொண்டுவந்துதான் ஊற்ற வேண்டும். அந்தக் குடிதண்ணீருக்கே பெண்கள் குடத்தோடு ஒரு மைல் நடக்கிறார்கள். ஆகவே சட்டம் போட்டேன். அவரவர் பிள்ளையின் மரத்துக்கு அவரவர் வீட்டார்தான் ஊற்ற வேண்டும், மற்றவர் மரத்தில் கைவைக்கக்கூடாது. இரண்டு பேர் இரக்கப்பட்டு எல்லா மரத்துக்கும் ஊற்றத் தொடங்கினால் மிச்சப் பேர் காலாட்டிக்கொண்டு இருப்பார்கள். எங்கள் ஊரை எனக்குத் தெரியாதா?

சித்திரை வெயிலில் தம்பிராசாவின் கடைக்குட்டியின் கன்று கருகிப்போனது. அதே கிழமை அந்தப் பிள்ளைக்கு நெருப்புக்காய்ச்சல். பிள்ளை தப்பிவிட்டது, வேறு கன்றும் நட்டாயிற்று. ஆனால் பெண்கள் காய்ச்சலையும் கன்றையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார்கள். படித்தவள் நான், அது முட்டாள்தனம் என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வாளி தூக்கப் பஞ்சிப்பட்டவர்களிடம் போய், “பிள்ளையின்ரை பேரிலை நிக்கிற மரம், பாத்துக்கொள்ளுங்கோ” என்று குரலைத் தாழ்த்திச் சொன்னேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு கன்றும் வாடவில்லை. அரியநாயகம் திரும்பி வந்து பார்த்துவிட்டு, தீவுப்பகுதியிலேயே இதுதான் திறமான வேலை என்று எல்லோர் முன்னிலும் சொன்னார். எனக்குத் தலைகால் தெரியாத புளுகம், அவ்வளவு சந்தோஷம்.

தண்ணீர் ஊற்றுவதில் பிலோமினம்மாவை மிஞ்ச ஆளில்லை. புருஷன் கடலோடு போனபிறகு அவருக்கு மிஞ்சியது ஒரே மகன், எமிலியானுஸ். பதினாறு வயது. அவனுடைய பெயர் தகரத்துக்குள் கொள்ளாமல், கடைசி எழுத்தை நான் வளைத்துக் கீழே இறக்க வேண்டியதாயிற்று. “என்ரை பேரை முடிக்க இன்னொரு பேணி வேணும், ரீச்சர்” என்று பகிடி விட்டான். பேணி தந்தால் பெயரை மாற்றுவாயா என்று நானும் கேட்டேன். அந்த மரம்தான் வரிசையில் எல்லாவற்றையும்விட உயரமாக வந்தது.

ஆவணிக் கடைசியில் ஒருநாள், அறிமுகமில்லாத இளைஞன் ஒருவன் சைக்கிளை உருட்டிக்கொண்டு முதல் மரத்திலிருந்து கடைசி மரம்வரை போவதைக் கண்டேன். ஒவ்வொரு தகரத்தையும் நின்று வாசித்தான். வெளியூர்க்காரரும் வந்து பார்க்கிறார்கள் என்று எனக்குப் பெருமை. பத்திநாதரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. எந்தப் பக்கமாகப் போனான் என்று மட்டும் கேட்டார்.

அடுத்த கிழமை செய்தி வந்தது. வான் வண்டிகளில் வந்து பெடியன்களைப் பிடிக்கிறார்களாம், சண்டைக்குச் சேர்ப்பதற்கு. யார் பிடித்தார்கள் என்று பெயர் சொல்ல அப்போது ஊர் பயந்தது. நான் இப்போதும் சொல்லப்போவதில்லை. தோளில் துவக்கு வைத்திருந்தவர்கள், அவ்வளவுதான். பதினைந்து வயது நிரம்பிய எவனையும் அவர்கள் விடவில்லை. புளியங்கூடல் பக்கம் ரியூசனுக்குப் போன மூன்று பேரைக் கொப்பி புத்தகத்தோடு ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒரு கொப்பி வீதியில் கிடந்ததாகவும் அதை எடுத்து வைக்கவே ஆட்கள் பயந்ததாகவும் சொன்னார்கள்.

நான் சும்மா இருப்பேனா? ‘சிறுவர் பாதுகாப்பு’ என்ற துணி நிலையத்தில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. இடாப்பை ஒரு மாப்பேணிக்குள் வைத்து ஆட்டுக்கொட்டிலில் புதைத்தேன். பெரிய பெடியன்கள் இருந்தவை ஒன்பது வீடுகள். எட்டுக் குடும்பங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வன்னிப் பக்கம் போய்ச் சேர்ந்தன. பிலோமினம்மாவுக்குப் போக்கிடம் இல்லை. மன்னாரில் இருந்த தமையனிடமிருந்து பதில் வரப் பிந்திவிட்டது. வந்ததும், வெள்ளிக்கிழமை தன் வள்ளத்தில் தாயையும் மகனையும் கொண்டுபோய் விடுவதாகப் பத்திநாதர் ஒப்புக்கொண்டார். அதுவரை அவர்களும் போய்விட்டதாகவே கதை இருக்க வேண்டும். நானே அவர்களை உள்ளே விட்டு வெளிக்கதவில் ஆமைப்பூட்டுப் போட்டேன். குசினியில் புகை வரக்கூடாது, சாப்பாடு நான் கொண்டுவருவேன் என்றேன். குளிக்கிற உப்புக்கிணற்றுக் கப்பி சத்தம் போடும், நானே தண்ணீரும் கொண்டுவந்து பின்பக்கத்தால் தருவேன் என்றேன். கொடியில் உடுப்புக் காயக்கூடாது, இருமல் வந்தால் தலையணையில் இருமு என்று எமிலியானுஸுக்குச் சொன்னேன். எல்லாவற்றையும் யோசித்தேன். என்னைப்போல யோசிக்க ஆளில்லை என்றும் நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார்கள். ஆறு பேர். பொறுப்பானவனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். சேட்டு மடிப்புக் கலையாமல் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பாலர் பாடசாலைக்குள் வந்தான். இடாப்பைக் கேட்டான். யாழ்ப்பாணத்து ஐயா கொண்டுபோய்விட்டார் என்றேன். பெரிய பெடியன்கள் இருந்த ஒன்பது வீடும் பூட்டிக் கிடக்கிறதே என்றான். எல்லாரும் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போய் இரண்டு கிழமை என்றேன். என் குரல் நடுங்கவில்லை. அவன் தலையை ஆட்டினான், பிள்ளைகள் கீறியிருந்த படங்களைப் பார்த்தான், பிறகு மரங்களைக் காட்ட முடியுமா என்று கேட்டான்.

இத்தோடு விட்டுவிட்டான் என்ற ஆறுதலில் நான் முன்னால் நடந்தேன். மழை விழுந்து ஏழு மாதம். வீதி மாவாய்க் கிடந்தது. இந்த வெயிலில் இவ்வளவு மரத்தையும் எப்படிக் காப்பாற்றினீர்கள் என்று அவன் கேட்டான். உண்மையாகவே அறிய விரும்புகிறவன்போலக் கேட்டான். என் வாய்க்குப் பூட்டுப் போட எனக்கு யார் இருந்தார்கள்?

“அவரவர் வீட்டுக்காரர்தான் ஊத்துவினம், தம்பி. நாளுக்கு ஒரு வாளி. மற்றவையின்ரை மரத்திலை ஒருத்தரும் கை வைக்கேலாது. அது என்ரை சட்டம்.”

“நல்ல சட்டம், அக்கா” என்றான்.

முதல் தகரங்களில் ஐந்து வயது, எட்டு வயது. அவற்றை வாசித்துக்கொண்டே கடந்தான். பதினேழு வயது என்று எழுதியிருந்த மரத்தில் நின்றான். குந்தி இருந்து மட்டைகளுக்கு இடையே கையை விட்டுப் பாத்தி மண்ணைத் தொட்டான். மண் தூளாக உதிர்ந்தது. கையைத் தட்டிக்கொண்டு எழுந்தான். அடுத்து நின்றதும் ஒரு பதினைந்து வயது மரத்தில். இலை மஞ்சளாகித் தொங்கியது. அங்கேயும் குந்தினான். மூன்றாவது மரத்தில் அவன் குந்தியபோதுதான் எனக்கு விளங்கியது. அவன் ஈரம் தேடினான்.

நிமிர்ந்து பார்த்தேன். வரிசையின் நடுவே, வாடிப்போன இரண்டு மரங்களுக்கு இடையில், எல்லாவற்றையும்விட உயரமான அந்தப் பூவரசு கரும்பச்சையாக நின்றது.

வெயில் ஏறுகிறது, வீட்டுக்கு வாருங்கள், தேத்தண்ணி போடுகிறேன் என்றேன். வேண்டாம் அக்கா என்று மரியாதையாகச் சொன்னான். அந்தப் பக்கம் எல்லாம் ஒரே மாதிரித்தான், பார்க்க ஒன்றுமில்லை என்றேன். அவன் நடையை மாற்றவில்லை. ஒவ்வொரு மரமாகப் போனான். கடவுளே, காற்றடித்து இந்த ஒரு தகரத்தையாவது கொண்டுபோயிருக்கக்கூடாதா என்று நினைத்தேன். ஆனால் ஆணி அடித்ததை நான்தானே பக்கத்தில் நின்று பார்த்தேன்? நாலு மூலைக்கும் அடிக்கச் சொன்னவள் நான்.

அவன் எமிலியானுஸ் என்ற பெயரை எழுத்தெழுத்தாக வாசித்தான். வளைந்து இறங்கிய கடைசி எழுத்தைப் பார்த்துச் சிரித்தான். கையை உள்ளே விட்டு எடுத்தபோது விரல்களில் சேறு ஒட்டியிருந்தது.

“அது நான் ஊத்தினனான்” என்றேன். “வாடுது, பாவம் எண்டு.”

அவன் விரல்களை மட்டையில் துடைத்தான். “இப்பதானே அக்கா சொன்னனீங்கள், மற்றவையின்ரை மரத்திலை ஒருத்தரும் கை வைக்கேலாது எண்டு.”

அவனுக்கு வழிகாட்ட ஒருவரும் தேவைப்படவில்லை. வீடு எதுவென்று தகரத்தின் மூன்றாவது வரியில் என் கையெழுத்திலேயே இருந்தது. நான் வீதியில் விழுந்து அவனுடைய காலைப் பிடித்தேன். அவன் குனிந்து என் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டுப் போனான். பூட்டு உடையும் சத்தம் ஒரேயொரு தடவை கேட்டது. பத்து நிமிடத்தில் எமிலியானுஸை நடுவில் விட்டு நடத்திக்கொண்டு வந்தார்கள். காலில் செருப்பில்லை. என்னைக் கடக்கும்போது அவன் என் முகத்தைப் பார்த்தான். “அம்மாவைப் பாத்துக்கொள்ளுங்கோ, ரீச்சர்” என்றான். வான் போனபிறகு புழுதி அடங்க வெகுநேரம் எடுத்தது.

அன்று பின்னேரம் சுத்தியலோடு போய் ஐம்பத்திரண்டு தகரங்களையும் பிடுங்கினேன். பத்திநாதர் வந்து சாக்கைப் பிடித்தார். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். வெள்ளிக்கிழமை அவருடைய வள்ளம் கரையிலேயே கிடந்தது.

சனிக்கிழமை மழை தொடங்கியது. பெரிய மழை. ஐம்பத்திரண்டு பாத்திகளும் ஒரே மாதிரி நிரம்பிக் கிடந்தன. எந்த மரம் யாருடையது, எந்த வீட்டில் ஆள் இருக்கிறது என்று அன்றைக்கு எந்தக் கையாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. மூன்று நாள். மூன்றே மூன்று நாள்.

குடையைப் பிடித்துக்கொண்டு பிலோமினம்மாவைத் தேடிப் போனேன். அவர் வீட்டில் இல்லை. மரத்தடியில் நனைந்தபடி நின்றார், கையில் வாளி. சட்டத்தை அந்தப் பொறுப்பானவனுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான் என்று சொல்லி அழுவதற்காகப் போயிருந்தேன். அழுதும் சொன்னேன். அவர் கேட்டாரா என்று தெரியவில்லை. வாளியைத் தூக்கி, தண்ணீர் தளும்பி நின்ற பாத்திக்குள் மெல்ல ஊற்றினார்.

“விடியமுன்னம் பின்பக்கத்தாலை வந்து ஊத்தினனான், ரீச்சர். நீங்கள் குடிக்கத் தந்த தண்ணியிலை மிச்சம் பிடிச்சனாங்கள். ஊத்தாட்டிப் பிள்ளைக்கு ஏதும் வந்திடும் எண்டு பயந்தனான். நீங்கள்தானே சொன்னனீங்கள், பிள்ளையின்ரை பேரிலை நிக்கிற மரம் எண்டு.”

அந்தக் குரலில் குற்றச்சாட்டு இல்லை. என்னிடம் படித்த பாடத்தை எனக்கே ஒப்புவித்ததுபோல இருந்தது. பிறகு, பிடுங்கிய தகரத்தைத் தர முடியுமா என்று கேட்டார். வீட்டில் கிடந்த சாக்கிலிருந்து தேடிக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் அதைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்து, பழைய ஆணித்துளைகளிலேயே வைத்துப் பிடித்துக்கொண்டு, சுத்தியல் எங்கே என்று கேட்டார்.

நான் போய் எடுத்துவந்தேன்.