வெர்னா மதில்மேல் உட்கார்ந்திருக்கிறாள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குச் சாக்கடை ஓரத்தில் கிடைத்தது. போர்ட் ஆஃப் ஸ்பெயினில் காலையில் கொண்டைக்கடலை வழிய வழிய டபுள்ஸ் ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் என் தெருக்காரி வெர்னா. கார்னிவலில் மரக்கால் கட்டிக்கொண்டு கூரை உயரத்தில் ஆடுகிறவள். தெருவோரச் சாக்கடையை ஓர் எட்டில் தாண்டிவிடலாம். "நீ போ, நான் சுத்தி வரேன்" என்றாள்.

அட, இதுதானே கதை என்று கையைக்கூடத் துடைக்காமல் வீட்டுக்கு ஓடினேன்.

2

"அந்தக் கார்னிவல் நாளில் வானம் கருத்து..."

இந்த வரியை அடித்துவிட்டேன். வானம் பளிச்சென்றுதான் இருந்தது. கைதட்டிய கூட்டத்தில் யாரோ, "அப்படியே அசையாம நில்லுங்க, ஒரு போட்டோ!" என்றார். மரக்காலில் ஆடிக்கொண்டிருந்த வெர்னா நின்றாள். (மரக்காலில் அசையாமல் நிற்க முடியாது. எட்டு வைத்துக்கொண்டே இருக்கவேண்டும், சைக்கிள் மாதிரி. கற்றுக்குட்டிக்கும் தெரியும். ஆனால் பாராட்டு யாரைத்தான் விட்டது!) மல்லாக்க விழுந்தாள். தொடையெலும்பு இரண்டாகிவிட்டது.

போட்டோ நன்றாக வந்ததாம்.

3

எலும்பு கூடிவிட்டது. உள்ளே கம்பி இருக்கிறது. டாக்டர், "ஓடலாம், ஆடலாம்" என்கிறார். வெர்னாவோ தரையைப் பார்த்தே நடக்கிறாள். மாடிப்படி என்றால் வியர்க்கிறது. இந்தக் கார்னிவலுக்கும் ஏறாவிட்டால் இனி ஏறவே மாட்டோம் என்று அவளுக்குத் தெரியும்.

அதனால் அவளைக் காட்ஃப்ரி வீட்டு மதில்மேல் உட்காரவைத்திருக்கிறேன். காட்ஃப்ரி சின்ன வயதிலிருந்து கூட ஆடுகிறவன். உயரத்தில் உட்கார்ந்தால்தான் மரக்கால் கட்ட முடியும். அதை அவள் காலில் கட்டிவிட்டு அவனும் மதில்மேல் ஏறி நிற்கிறான்.

"இறுக்கிக் கட்டினியாடா? போன வாட்டி மாதிரி..."

"அம்மா தாயே, போன வாட்டி கட்டு அவுரல. நீதான் போஸ் குடுத்த."

"வாய மூடு."

"சரி, என் கையப் புடிச்சு எந்திரி."

"எத்தனை பேரை நான் கை குடுத்துத் தூக்கிவிட்டிருக்கேன்! எனக்கு எவன் கையும் வேணாம்."

"அப்ப அங்கயே இரு. மத்தியானச் சாப்பாட்ட மேல ஏத்திவிடுறேன்."

4

முதல் முடிவு: தனியாக எழுந்தாள். தெருவே கைதட்டியது.

எழுதிவிட்டுத் திருப்தியாக டீகூடக் குடித்தேன். திரும்பப் படித்தால் பச்சைப் பொய். கைதட்டலுக்காக நின்று விழுந்தவள் கைதட்டலுக்காக எழுந்திருப்பாளா?

இரண்டாவது முடிவு: கட்டுகளை அவிழ்த்துவிட்டு இறங்கினாள். மரக்கால்களை அடுப்புக்கு...

(இதை முடிக்க எனக்கு மனசு வரவில்லை.)

5

காட்ஃப்ரி கோபித்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டான். (நான்தான் அனுப்பினேன்.) வெர்னா தரையைப் பார்க்கிறாள். பிறகு எதிர்வீட்டு மாமரத்தை. மரக்காலில் நடந்தபடியே அதன் உச்சிக்கிளையில் காய் பறித்தவள் அவள். அழுகை வருகிறது. கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"பயமா இருக்கு," என்கிறாள். "யாராவது கை குடுங்களேன்."

விழுந்த நாளிலிருந்து இதை அவள் ஒருவரிடமும் கேட்டதில்லை.

அவள் கை நீண்டபடியே இருக்கிறது. என் இரண்டு கையும் இந்த எழுத்தில் மாட்டிக்கொண்டிருக்கின்றன. உங்களுக்கு ஒரு கையாவது சும்மாதானே இருக்கிறது? பிடியுங்கள். ஒன்றே ஒன்று: எழுந்ததும் அவளை நிற்கச் சொல்லிவிடாதீர்கள்.