இரண்டு பேருக்கான உடம்பு

"விடுங்க, விடுங்க! தோள் கழண்டுடும்!"

தம்பி கத்தியதும் மாமா பதறிப்போய்க் கையை எடுத்துவிட்டார். கால் பக்கம் பிடித்திருந்த அக்காவின் கணவன் தடுமாறி, தம்பியைக் கட்டிலிலேயே சரித்தான். நாற்பத்திரண்டு வயது மனிதனை மூட்டை தூக்குவதுபோல அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் அவன் கத்தாமல் என்ன செய்வான் என்று பக்கத்தில் நின்ற அக்காவுக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் எப்படித் தூக்குவது என்று அவளுக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆளான அம்மா முன்னறையில் போர்வைக்குள் கிடந்தாள்.

அம்மாவை மயானத்துக்குக் கொண்டுபோகும் வண்டி வர இன்னும் கொஞ்ச நேரம்தான். அதற்குள் தம்பியைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து அம்மாவின் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். அவ்வளவுதான் காரியம். அம்மா தினமும் காபி ஆறுவதற்குள் முடித்துவிட்டு வந்த காரியம்.

தம்பிக்குப் பிறந்ததிலிருந்தே இடுப்புக்குக் கீழே அசைவில்லை. கை மட்டும் கெட்டிக்காரக் கை. ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தால், மற்ற கடைக்காரர்கள் கைவிரித்த செல்போனைக்கூடப் பேச வைத்துவிடுவான். கட்டிலுக்கும் மேசைக்கும் குளியலறைக்கும் நடுவே அவனைத் தூக்கி இறக்கியது அம்மாதான். நேற்றுக் காலையும் அவனை நாற்காலியில் அமர்த்திவிட்டு, "கொஞ்சம் அசதியா இருக்குடா" என்று அவன் கட்டிலிலேயே சாய்ந்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை. அவன் அக்காவுக்குப் போன் செய்தான். வேலை பார்க்கும் டிக்கெட் கவுன்ட்டரைப் பாதியில் மூடிவிட்டு அவள் ஓடிவந்தபோது, அவன் நாற்காலியில் குனிந்து அம்மாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

அம்மா தன் உடம்பைப் பேணிய விதம் குடும்பத்தில் ரொம்ப நாள் கேலி. விடிந்ததும் இரண்டு கையிலும் தண்ணீர் கேனைப் பிடித்தபடி உட்கார்ந்து உட்கார்ந்து எழுவாள். ஒரு வலியும் இல்லாமல் டாக்டரிடம் போய், "எல்லாம் ஒழுங்கா இருக்கான்னு பாருங்க" என்பாள். மாமா தன் அக்காவைப் பயில்வான் என்றுதான் கூப்பிடுவார்.

"அறுபது தாண்டியாச்சு. இனிமே எந்தக் கோதாவுல இறங்கப் போற?"

"எனக்குக் காய்ச்சல் வந்தா ரெண்டு பேர் படுக்கணும்டா. சுவர் இருந்தாத்தானே சித்திரம்" என்று சொல்லிவிட்டு அம்மா வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். மகளையும் கூப்பிடாமல் இல்லை. "வாடி, சும்மா என்கூட ரெண்டு தெரு நட" என்பாள். மகளுக்கு எப்போதும் அடுத்த மாதம்தான் தோதாக இருந்தது.

"அக்கா, நீ வா" என்றான் தம்பி.

"நானா? எனக்குக் கீழ உக்காந்து எழுந்தாலே மூட்டு வலிக்குதுடா."

"வந்து நில்லு. நான் சொல்றேன்."

கட்டில் கம்பியில் தொங்கிய அகலமான பெல்ட்டை அவன் இடுப்பில் கட்டினாள். அவன் சொன்னபடி, அவன் முழங்கால்களுக்குத் தன் முழங்கால்களை முட்டுக் கொடுத்து நின்றாள். அவன் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டான். இத்தனை வருஷத்தில் தம்பியின் முகத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை என்று அப்போதுதான் உறைத்தது. காதோரம் நரைத்திருந்தான்.

"முதுகை வளைக்காத. முட்டியை மடக்கு. மூச்சை விட்டுக்கிட்டே எழுந்திரு. இப்ப."

எழுந்தார்கள். பாதியிலேயே அவள் தொடை வெடவெடவென்று நடுங்கியது. அடுத்த நொடி இருவரும் கட்டிலில் பொத்தென்று விழுந்தார்கள். வாசலில் நின்ற பெரியம்மா, "ஐயோ, ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். நேற்றிலிருந்து வராத அழுகை அக்காவுக்கு அப்போது வந்தது. தன் உடம்பை நினைத்தே வெட்கமாக இருந்தது.

மறுமுறை கணவன் பின்னாலிருந்து பெல்ட்டைப் பிடித்துக்கொண்டான். மாமா நாற்காலி உருளாமல் காலை வைத்து அடைத்தார். தள்ளி, இழுத்து, ஒருவழியாகத் தம்பி நாற்காலிக்கு வந்து சேர்ந்தான். ஒற்றை ஆள் வேலைக்கு மூன்று பேரும் வியர்த்துப்போய் நின்றார்கள்.

தம்பி தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு அம்மாவின் தலைமாட்டுக்குப் போனான். போர்வையை விலக்கி அம்மாவின் புஜத்தைத் தொட்டான். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

"இப்படிப் பொத்திப் பொத்திப் பார்த்த உடம்பு" என்று பெரியம்மா மூக்கைச் சிந்தினாள். "என்ன பிரயோஜனம்? போற நேரம் வந்தா நிக்குதா?"

"பிரயோஜனம் இருக்கு பெரியம்மா. நேத்துக் காலையிலகூட நான் என் மேசையில உக்காந்து வேலை பார்த்தேன்."

வண்டி வந்தது. லிஃப்டில் அம்மாவை இறக்கினார்கள். அடுத்த நடையில் தம்பி இறங்கி, கேட் வரைக்கும் உருட்டிக்கொண்டு போனான்.

எல்லாம் முடிந்து சாயங்காலம் திரும்பியதும் மாமா அவளைச் சமையலறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"பாசம் வேற, பாரம் வேறம்மா. எனக்குத் தெரிஞ்ச நல்ல காப்பகம் ஒண்ணு இருக்கு. மாப்பிள்ளை ஷிஃப்ட்டுக்குப் போயிட்டா நீ தனியா என்ன பண்ணுவ? இன்னைக்கே பார்த்தோமே. உங்கம்மா கதை வேற. அவ பொறவியிலேயே பயில்வான்."

"யோசிச்சுச் சொல்றேன் மாமா" என்றாள். மாமா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சொன்னதில் பொய்யும் இல்லை. அதனால்தான் அவளுக்கு அவ்வளவு வலித்தது.

தம்பி மேசையருகே இருந்தான். திருகாணி ஒன்றை விரலால் உருட்டிக்கொண்டிருந்தான்.

"கேட்டுச்சா?"

"சுவத்துக்கே காது இருக்கும்போது எனக்கு இருக்காதா?" என்று சிரித்தான். "மாமா சொன்னதுல ஒண்ணு தப்பு. அம்மா பொறவியிலேயே பயில்வான் எல்லாம் இல்ல. என்னைக் கீழ போட்டிருக்காங்க."

"அம்மாவா? எப்ப?"

"எனக்குப் பத்து வயசு. திடீர்னு வளந்துட்டேன்ல. குளியலறை வாசல்ல அவங்களுக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு. நீ ஸ்கூல் விட்டு வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் தரையிலயே கிடந்தோம்."

அந்த நாள் அவளுக்கு நினைவிருந்தது. கதவைத் திறந்தபோது இருவரும் அருகருகே மல்லாந்து படுத்து, விட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "பல்லக்கு விளையாடறோம்டி. வா, ராஜாவை நீயும் ஒரு பக்கம் தூக்கு" என்றாள் அம்மா. தன்னை விட்டுவிட்டு இவர்கள் மட்டும் விளையாடியிருக்கிறார்களே என்று அன்றைக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

"அன்னைக்கு நீ தூங்கினப்புறம் அப்படி ஒரு அழுகை. இடுப்பு சரியானதும் மாடிப்படி ஏற ஆரம்பிச்சாங்க. மொத நாள் ரெண்டாவது மாடியைத் தாண்டலையாம். சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க." தம்பி திருகாணியை டப்பாவில் போட்டு மூடினான். "அக்கா, காப்பகத்துக்குப் போகணும்னா நான் போறேன். கோவமெல்லாம் வராது. என்னைத் தூக்கப் போய் நீ படுத்துடாத."

மாமா கிளம்பினார். வழியனுப்ப அவளும் வெளியே வந்தாள். மாமா லிஃப்டுக்குள் நுழைந்து அவளுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மாமா, அந்தக் காப்பகத்துல இப்போதைக்கு எதுவும் பேசிடாதீங்க."

மாமா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, வா. உள்ள வா."

"நீங்க போங்க. நான் படியில வரேன்."

இறங்குவது சுலபமாக இருந்தது. மாமா தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு ஏறத் தொடங்கினாள். முதல் மாடிவரை பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. பிறகு நெஞ்சு திம்திம் என்று அடித்தது. மூட்டு ஒவ்வொரு படியிலும் முறையிட்டது. இரண்டாவது மாடியில் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். யார் வீட்டுக்குள்ளோ குழந்தை எதற்கோ அடம்பிடித்துக்கொண்டிருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மேலே நான்காவது மாடியில் கதவு திறக்கும் சத்தம். அவள் கணவன் கைப்பிடிச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"ஏன் அங்க உக்காந்திருக்க? லிஃப்ட் வேலை செய்யலையா?"

"செய்யுது" என்றாள் அவள். மூச்சை விட்டுக்கொண்டே எழுந்தாள்.