நுனி ஒடித்த வெண்டைக்காய்

டக், டக் என்று சத்தம் வந்தால் ஞானபூரணம் டீச்சர் வெண்டைக்காய் வாங்குகிறார் என்று அர்த்தம். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற சாலையோரம் சாக்கு விரித்துக் காய்கறி விற்கும் மாரித்தாயின் முன்னால் அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குத்தவைத்தால், எழுந்திருக்க அரை மணி நேரம் ஆகும். ஒவ்வொரு காயாக எடுத்துக் கட்டைவிரலால் நுனியை ஒடிப்பார். பட்டென்று ஒடிந்தால் பிஞ்சு. நாராக இழுத்துக்கொண்டு நின்றால் முற்றல். பிஞ்சிலும் ஒரே அளவாக இருப்பவைதான் தட்டுக்குப் போகும். மீதி எல்லாம் நுனி போன கோலத்தில் குவியலுக்கே திரும்பும். சுரைக்காயை நகத்தால் குத்துவார். முருங்கைக்காயை ஈரத்துணி போல முறுக்குவார். தக்காளியை அமுக்குவார்.

"டீச்சரம்மா, கேட்டா நானே நல்லதாப் பொறுக்கித் தாரேன்லா" என்பாள் மாரித்தாய், சிரித்த முகம் மாறாமல்.

"நீ ஒன் யாவாரத்தைப் பாரு. நான் என் காயைப் பாக்கேன்."

டீச்சருக்குத் தன் சாமர்த்தியத்தில் அத்தனை நம்பிக்கை. முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். இப்போது வியாழக்கிழமைதோறும் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் கடைசிப் பத்து நிமிஷம் அவருடையது. வீட்டுக்குறிப்பு சொல்வார். துவரம்பருப்பை வெயிலில் காயவைத்து, காய்ந்த மிளகாய் இரண்டு போட்டு டப்பாவில் அடைத்தால் வண்டு வராது. வெண்டைக்காயைக் கழுவி ஈரம் துடைத்த பிறகு நறுக்கி, வதக்கும்போது ஒரு கரண்டி மோர் தெளித்தால் வழவழப்பு நிற்காது. இப்படி எல்லாம் பயனுள்ள குறிப்புகள்தான். அவற்றோடு ஒரு நாள் இதையும் சொல்லி வைத்தார்: "கடைக்காரி வாயை நம்பாதீங்க. உங்க நகத்தை நம்புங்க." முப்பது பெண்கள் அதைக் குறித்துக்கொண்டு போனார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை. உபவாச ஜெபம் முடிந்து, வெறும் வயிற்றோடு கடைக்கு வந்தார் டீச்சர். சர்க்கரை மாத்திரையைப் பழக்க தோஷத்தில் காலையிலேயே விழுங்கியிருந்தார். சித்திரை வெயில் உச்சியில் நின்றது. பத்தாவது வெண்டைக்காயை ஒடிக்கும்போது கண் இருட்டியது. அப்படியே தராசின் மேல் சாய்ந்துவிட்டார்.

மாரித்தாய் பக்கத்துக் கடைப் பெண்ணிடம் சாக்கைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அவரைத் தாங்கிப் பிடித்துப் பின்சந்தில் இருந்த தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள்.

"ஏட்டி வேல்விழி, அம்மாவுக்கு முதல்ல சீனித் தண்ணி குடு. அப்புறம் சோறு போடு. நான் இவிய பையை எடுத்துட்டு வாரேன்."

வேல்விழி அவளுடைய மருமகள். சிவகிரியிலிருந்து கல்யாணமாகி வந்து ஆறு மாசம்தான் ஆகிறது. வந்திருப்பது யாரென்று அவளுக்குத் தெரியாது. சீனித் தண்ணீர் உள்ளே போனதும் டீச்சருக்குக் கண் தெளிந்தது. தெளிந்த கண்ணில் முதலில் பட்டது தரையில் கிடந்த சுளகு. சுளகு நிறைய வெண்டைக்காய். ஒன்றுக்கும் நுனி இல்லை. ஒடித்த இடம் கறுத்துச் சுருங்கியிருந்தது. பக்கத்தில் ஒரு சுரைக்காய், உடம்பெல்லாம் பிறை பிறையாக நகக்குறியோடு.

வேல்விழி சிரித்தாள். "என்னம்மா அப்படிப் பாக்கிய? எங்க வீட்டுக் காய்க்கு வாலு கிடையாது. கறுப்பை அரிஞ்சு எறிஞ்சிட்டு, மூடாம வதக்கிப் புளித்தண்ணி ஊத்துனா தெரியாது. சாப்பிட்டுப் பாருங்க."

தட்டில் சுடுசோறும் வெண்டைக்காய்ப் புளிக்குழம்பும் சுரைக்காய்க் கூட்டும் வந்தன. பசி. டீச்சர் நாலு வாய் சாப்பிட்டார். பிறகு, பதில் தெரிந்திருந்தும், "ஏன் எல்லாம் இப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"ஒரு டீச்சர் வருதாவம்மா, மகராசி! அரைக்கிலோ வாங்கதுக்குக் குவியலையே ஒடிச்சுட்டுப் போவாவளாம். அதோட விட்டாவளா? சர்ச்சுல கூட்டம் போட்டு ஊருக்கே சொல்லிக் குடுத்துட்டாவ. இப்ப வாரவ எல்லாரும் ஒடிக்காவ. ஒடிச்சதை எவ வாங்குவா? சாயங்காலம் அத்தை இங்கன கொண்டாந்து தட்டுதாவ. தெனம் வெண்டைக்கா திங்கேன். வெண்டைக்கா தின்னா கணக்கு வரும்பாவள்லா? எனக்கு வந்த ஒரே கணக்கு, இந்தக் கடையால ஆதாயம் இல்லைங்கதுதான்."

டீச்சர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். "அந்த டீச்சர்கிட்ட சொல்ல வேண்டியதுதானம்மா?"

"சொன்னா அடுத்த கடைக்குப் போயிருவாவள்லா. வாங்குதவியள எப்படி ஏச? இந்த மாசத்தோட கடையைக் கட்டிட்டு எங்கூடத் தறி வேலைக்கு வாங்க அத்தைன்னு சொல்லிட்டேன். சரின்னாவ. சொல்லும்போதே கண்ணு கலங்கிட்டு. இருவது வருசமா உக்காந்த இடம்லா."

அந்த நேரத்தில் மாரித்தாய் கட்டைப்பையோடு உள்ளே நுழைந்தாள். மருமகள் பேசியதில் பாதி அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். முகம் வெளிறிப்போயிற்று.

"நீங்களும் அத்தைகிட்டதான் வாங்குவியளாம்மா?" என்று வேல்விழி கேட்டாள்.

டீச்சர் வாய் திறக்கும் முன்பே மாரித்தாய் முந்திக்கொண்டாள். "ஆமாட்டி. ஆனா இவிய காயில கையே வைக்க மாட்டாவ. நான் போடுதத அப்படியே வாங்கிட்டுப் போவாவ."

நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருந்தால்கூட டீச்சர் தாங்கியிருப்பார். காப்பியடித்த பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தியவர் அவர். இன்று அவருடைய மானத்தைக் காப்பாற்ற, அவரால் நஷ்டப்பட்டவளே பொய் சொல்கிறாள். 'அது நான்தான்' என்ற இரண்டு வார்த்தை நாக்கு வரை வந்தது. வெளியே வரவில்லை. தட்டைக் காலி செய்துவிட்டு, தலையைக் குனிந்தபடி வீட்டுக்கு நடந்தார்.

நாலு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. செவ்வாய்க்கிழமை மனசைத் திடப்படுத்திக்கொண்டு புறப்பட்டார். மாரித்தாயைத் தனியாகப் பார்த்துப் பேசிவிட வேண்டும், நாலு பேர் முன்னால் வேண்டாம் என்பது அவர் போட்டிருந்த திட்டம். சாக்கில் உட்கார்ந்திருந்ததோ வேல்விழி. எதிரே, சங்கத்து ஜெபிதா டக், டக்கென்று ஒடித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கம்மா, இப்ப தேவலையா? அத்தை தறியில வேலை கேக்கப் போயிருக்காவ" என்றாள் வேல்விழி.

ஜெபிதா நிமிர்ந்தாள். முகமெல்லாம் பெருமை. "டீச்சர்! நீங்க சொல்லிக் குடுத்தபடிதான் பாக்குதேன். இங்க பாருங்க, ஒரு முத்தல் தப்ப முடியாதுல்ல?"

தராசைப் பிடித்திருந்த வேல்விழியின் கை நின்றது. ஜெபிதாவைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள்.

"அப்போ அந்த டீச்சர்…"

"நான்தாம்மா" என்றார் ஞானபூரணம். குரல் அவருக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னார். "நான்தான். அன்னைக்கே சொல்லியிருக்கணும். ஒங்க வீட்டுச் சோத்தைச் சாப்பிட்டுட்டு, ஒங்க அத்தை எனக்காகப் பொய் சொன்னதையும் கேட்டுட்டு, வாயை மூடிட்டு வந்தேன். என்னை மன்னிச்சிரு."

"இதுக்குப் போயா மன்னிப்பு? ஒரு நுனிதானே டீச்சர்!" என்றாள் ஜெபிதா.

வேல்விழிக்கு முகம் சிவந்துவிட்டது. "ஒரு நுனிதான். ஆனா முப்பது பேரு வாரியள்லா? காசு குடுக்குத வரைக்கும் காய் எங்களுது, அக்கா." பிறகு டீச்சர் பக்கம் திரும்பினாள். "எங்கிட்ட மன்னிப்புக் கேட்டு என்னம்மா செய்ய? சொல்லிக் குடுத்திய பாருங்க, அந்த முப்பது பேருகிட்டயும் போயிச் சொல்லுங்க."

டீச்சர், ஜெபிதா ஒடித்துப் போட்டிருந்தவற்றை எல்லாம் அள்ளித் தட்டில் வைத்து, நிறுக்கச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

வியாழக்கிழமை கூட்டத்தின் முடிவில் சங்கத் தலைவி ஜெயபாய், "டீச்சர், இன்னைக்கு என்ன குறிப்பு?" என்று கேட்டார். டீச்சர் நோட்டுப் புத்தகம் இல்லாமல் எழுந்து நின்றார். வெண்டைக்காயில் ஆரம்பித்து, சுளகு, சோறு, மாரித்தாயின் பொய் வரை ஒன்று விடாமல் சொன்னார். சொல்லும்போது எதிரே பார்க்கவில்லை; தரையைப் பார்த்தே பேசினார்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "அப்போ முத்தலை வாங்கிட்டுப் போயி வீட்ல ஏச்சு வாங்கவா டீச்சர்?"

"வேண்டாம். பச்சை மங்காம, மேல பூனைமுடி மாதிரி சொணை இருக்கான்னு கண்ணால பாருங்க. தெரியலையா, கடைக்காரங்ககிட்ட கேளுங்க. அவங்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப் போகுது? அப்படியும் நாலு காய் முத்தலா வந்தா வரட்டும். முப்பது பேர் முத்தல் இல்லாமச் சாப்பிடணும்னு, ஒரு அம்மா இருவது வருஷமா உக்காந்த இடத்தை விட்டு எந்திரிக்கப் போறா. கடையை எடுக்கதும் எடுக்காததும் நம்ம கையிலதான் இருக்கு." டீச்சர் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினார். கண் நிறைந்திருந்தது. "நான் ஒங்களுக்குச் சாமர்த்தியம்னு சொல்லிக் குடுத்தேன். அது சாமர்த்தியம் இல்ல. நமக்கு நல்லதைப் பொறுக்கி எடுக்கதுக்காக அடுத்தவங்க பொருளைக் கெடுத்துட்டு வாரது, திருட்டுதான்."