இறக்கிய சுருதி

அக்காவின் குரலுக்கு ஆஸ்பத்திரிக்காரர்கள் போட்ட விலை, அறை வாடகையும் சேர்த்து, சரியாக ஒரு கார். அத்தான் அந்தக் காரை வாங்கியபோது மூன்று கடை ஏறி இறங்கி, கடைக்காரன் கையெடுத்துக் கும்பிடும்வரை பேரம் பேசியவர். விற்கும்போது முதலில் வந்த ஆள் சொன்ன விலைக்கே சாவியைக் கொடுத்துவிட்டார். தொண்டைக்குள் நெல்மணி அளவு வளர்ந்திருந்ததை எடுத்தார்கள். ஆறு வாரம் வாய் திறக்கக் கூடாது என்றார்கள். கல்யாணமான நாளிலிருந்து தன் காதுக்குக் கிடைத்த முதல் விடுமுறை அதுதான் என்று அத்தான் பார்த்தவரிடமெல்லாம் சொன்னார். ஆனால் அந்த ஆறு வாரமும் சமையலறை வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவள் எழுதி நீட்டும் துண்டுச் சீட்டுக்காக அவர் கை நீட்டிக்கொண்டிருந்ததைத் தம்பி பார்த்திருக்கிறான்.

அது நடந்து ஒரு வருஷம். இன்று மாலை நான்கு மணிக்குத்தான் அக்கா மறுபடி மேடை ஏறப்போகிறாள்.

கூட்டம் வேறு சாதாரணக் கூட்டமில்லை. பல் டாக்டர்கள் சங்கத்தின் ஆண்டு விழா.

"முந்நூறு பல் டாக்டருக்கு முன்னாடி வாயைத் திறக்கணும்," என்றாள் அக்கா, வாடகை வேனில் வரும்போது. "பாட்டக் கேப்பாங்களா, கடவாய்ப்பல்ல எண்ணுவாங்களான்னு தெரியல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அடுத்ததைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. "இன்னிக்கு ஒரு பாட்டு கைவிட்டாலும் அதோட சரி. கூரியர் ஆபீஸ்ல கூப்பிட்ட வேலைக்கு நாளைக்கே வரேன்னு சொல்லிடுவேன். எனக்கும் உங்களுக்கும் இந்தத் திண்டாட்டம் வேணாம்."

அக்கா சும்மா மிரட்டுகிற ரகமில்லை, சொன்னால் சொன்னதுதான்.

ஒரு காலத்தில் அவர்கள் குழுவில் ஒன்பது பேர். இப்போது மூன்று. பாட அக்கா, டிரம்ஸ் அடிக்க அத்தான், கீபோர்டுக்குத் தம்பி. மீதி ஆறு பேரையும் லேப்டாப் விழுங்கிவிட்டது. தம்பி வாசிக்கும் கீபோர்டுக்குச் சொந்தமாக ஒரு சத்தமும் கிடையாது. எந்தக் கட்டையை எவ்வளவு அழுத்தி அடித்தான் என்று லேப்டாப்புக்குக் கோள் சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. லேப்டாப்புக்குள் ஒரு மென்பொருள், சரக்கு நிறைந்த கடை அலமாரி மாதிரி. பியானோ, வயலின், புல்லாங்குழல், பேஸ் கிதார் என்று ஒவ்வொன்றும் ஒரு பிளகினாக, அதாவது ஒரு குட்டி மென்பொருளாக, அதில் அடுக்கியிருக்கும். பன்னிரண்டு பாட்டுக்கும் பன்னிரண்டு அடுக்கு. கால் பெடலை ஒரு மிதி மிதித்தால் பழைய சரக்கு உள்ளே போய் அடுத்த பாட்டின் சரக்கு வெளியே வந்துவிடும். வலது கை பியானோ வாசிக்க, இடது கை பேஸ் கிதார் வாசிக்கும். சம்பளம் கேட்காத ஆறு பேர். சாப்பாட்டு நேரத்தில் காணாமல் போவதுமில்லை. ஆனால் கோபித்துக்கொண்டால் சமாதானம் பேச முடியாது.

அதனால் தம்பி அந்த லேப்டாப்பைக் கைக்குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொள்வான். கச்சேரிக்கு ஒரு வாரம் முன்பே இணையத்தைத் துண்டித்துவிடுவான். எந்த அப்டேட்டும் கிட்டே வரக் கூடாது. ஒயரில் ஒன்றுக்கு இரண்டு, சவுண்டு கார்டில் ஒன்றுக்கு இரண்டு. போதாததற்கு நேற்று பன்னிரண்டு பாட்டையும் ஒவ்வொரு கட்டையாக அழுத்திச் சரிபார்த்திருந்தான்.

நேற்று இன்னொரு காரியமும் செய்திருந்தான். அதை யாரிடமும் சொல்லவில்லை.

நாலு நாள் முன்பு வீட்டில் ஒத்திகை. உச்சிக்குப் போகும் இடமெல்லாம் அக்கா இரண்டு விரலைத் தொண்டையில் வைத்துக்கொண்டாள். ஒரு தடவை இல்லை, பன்னிரண்டு பாட்டிலும். வலிக்கிறது, சொல்ல மாட்டேன் என்கிறாள் என்று தம்பி முடிவு கட்டினான். கேட்டால் ரோஷம் பொத்துக்கொண்டு வரும். ஆகவே மென்பொருளைத் திறந்து, எல்லாப் பாட்டின் சுருதியையும் ஒரே சொடுக்கில் இரண்டு படி இறக்கிவைத்தான். விரல் பழைய இடத்திலேயே வாசிக்கும், சத்தம் மட்டும் இரண்டு கட்டை தள்ளிக் கீழே கேட்கும். அக்காவுக்குப் பாட்டு லேசாக இருக்கும், காரணம் தெரியாது. ஒரு நல்ல காரியத்தைத் திருட்டுத்தனமாகச் செய்த திருப்தியோடு தூங்கினான்.

மூன்று மணிக்கு மேடையில் எல்லாவற்றையும் பூட்டி முடித்தார்கள். அரங்கத்தில் ஒலியைக் கலந்து அனுப்பும் மிக்சர்காரர், கழுத்தில் ஹெட்போன் மாலையோடு, பின்வரிசையிலிருந்து கையை ஆட்டினார்.

"ஆரம்பிங்க சார். மூணே முக்காலுக்குக் கதவத் திறந்துருவாங்க."

தம்பி முதல் பாட்டைத் தொடங்கினான். வலது கையில் பியானோ கணீரென்று கேட்டது. இடது கைச் சுண்டுவிரல் அடிக் கட்டையில் இறங்கியது. சத்தமே இல்லை. இன்னொரு தரம் அழுத்தினான். சுவரில் அழுத்தியதுபோல் இருந்தது.

"பேஸ் வரலயே," என்றான்.

"எங்கிட்ட வந்தாத்தான நான் அனுப்ப," என்றார் மிக்சர்காரர்.

ஒயரை மாற்றினான். அதே மௌனம். சவுண்டு கார்டை மாற்றினான். சற்று மேலே உள்ள கட்டைகள் ஒழுங்காக உறுமின. அடியில் இரண்டு மட்டும் ஊமை. சரி, பிறகு பார்த்துக்கொள்வோம், அக்கா பாடட்டும் என்று விட்டுவிட்டான்.

அக்கா மைக்கைப் பிடித்தாள். முதல் பாட்டு அடித்தொண்டையில் தொடங்கி மெல்ல மேலே ஏறும் பாட்டு. முதல் வரியின் முதல் இரண்டு சொல் வந்தது. மூன்றாவது சொல்லில் குரல் கீழே கீழே இறங்கி, கடைசியில் வெறும் காற்றாகப் போய்விட்டது.

நிறுத்தினாள். தண்ணீர் குடித்தாள். மறுபடி தொடங்கினாள். அதே இடத்தில் அதே காற்று.

"வீட்டுல வந்துச்சே," என்றாள், யாரிடமோ பேசுவதுபோல்.

மூன்றாவது தடவை அவள் முயலவில்லை. மைக்கை அதன் தண்டில் செருகிவிட்டு, மேடைப் படியில் போய் உட்கார்ந்தாள். முகத்தில் ஒரு சொட்டு ரத்தமில்லை.

அத்தான் டிரம்ஸைத் தாண்டிக் குதித்து வந்தார். "என்னம்மா, வலிக்குதா?"

"வலிக்கல. இல்லவே இல்ல. அடில குரலே இல்ல." இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள், காலிப் பையைக் காட்டுவதுபோல். "போச்சு. வெட்டினப்போ அதையும் சேர்த்து வெட்டிட்டாங்க போல. சங்கச் செயலாளர்கிட்டப் போய்ச் சொல்லிடு. பாட்டு இல்லாம ரெண்டு பேரும் வாசிங்க."

"இரு, அவசரப்படாத."

"நான் அவசரப்படல. ஒரு வருஷமாக் காத்துட்டுதான் இருக்கேன்."

மிக்சர்காரர் பின்னாலிருந்து, "என்ன சார், பாட்டு உண்டா இல்லியா?" என்று கேட்டார். அத்தான் அவரைப் பார்த்த பார்வையில் அவர் ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார்.

சுருதியை இறக்கியது நான்தானே, இறக்கியதால்தான் அடி எட்டவில்லையோ என்று தம்பிக்கு ஒரு பயம். ஆனால் கணக்கு உதைத்தது. அக்கா இரண்டு படி இறக்கத்துக்கெல்லாம் அசருகிற ஆளில்லை. அவள் அடிக்குரலில் திட்டினால் மாடி வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்துவார். அதோடு அந்த ஊமைக் கட்டைகள். நிஜப் பேஸ் கிதாரின் கடைசிக் கம்பிக்குக் கீழே ஸ்வரம் கிடையாது. அதனால் பிளகினிலும் அதற்குக் கீழே சத்தம் கிடையாது. நேற்று இரண்டு படி இறக்கியபின் அதைத்தான் சரிபார்த்தான். சுண்டுவிரல் போகும் கடைசிக் கட்டைவரை சத்தம் வந்தது. இரண்டு படிக்கு வந்த சத்தம் இன்று எங்கே போயிற்று?

லேப்டாப் திரையைத் தன் பக்கம் திருப்பினான். திரையின் அடியில் ஒரு சின்னக் கீபோர்டுப் படம் உண்டு. வெளியே எந்தக் கட்டையை அழுத்துகிறானோ அது அங்கே மஞ்சளாக எரியும். நடுவிலுள்ள வெள்ளைக் கட்டையை அழுத்தினான். திரையில் அது எரியவில்லை. இரண்டு கட்டை தள்ளி, கீழே இருந்தது எரிந்தது.

மென்பொருள் இறக்குவது உள்ளே வந்த பிறகு. இது உள்ளே வரும்போதே இறங்கி வந்திருக்கிறது. அப்படியென்றால் கீபோர்டிலேயே யாரோ இறக்கியிருக்கிறார்கள். கீபோர்டின் ஓரத்தில், தம்பி வருஷக்கணக்கில் தொடாத ஒரு பொத்தான். பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு, பல்லிக் கண் மாதிரி முழித்துக்கொண்டிருந்தது.

"இந்த பட்டன யாரு அமுக்கினது?"

அத்தான் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், மெல்ல எழுந்தார். திருடனைப் பிடிக்கப் போன இடத்தில் தன் செருப்பையே பார்த்தவர்போல் அவர் முகம் இருந்தது.

"ரெண்டு தடவதான் அமுக்கினேன்," என்றார்.

"எப்ப?"

"நேத்து நீ கெளம்பினப்புறம். அவ ஒத்திகைல தொண்டையப் பிடிச்சுப் பிடிச்சுப் பாடினா. பாவமா இருந்துச்சு. கீபோர்டோட வந்த புத்தகத்தப் பார்த்துக் கத்துக்கிட்டு, ரெண்டு அமுக்கினேன். உங்கிட்டச் சொன்னா நீ அவகிட்டச் சொல்லிடுவ."

தம்பி தலையைச் சொறிந்தான். "நானும் ரெண்டு இறக்கினேன் அத்தான். லேப்டாப்ல."

"எதுக்கு?"

"அதே தொண்டைக்குத்தான்."

அக்கா படியிலிருந்து எழுந்து வந்தாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்ற இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆக நாலு," என்றாள். "நாலு படி கீழ வச்சுட்டு, ஆம்பளப் பாட்டப் பாட விட்டுட்டு, ரெண்டு பேரும் என் மூஞ்சியப் பார்த்துட்டு நின்னீங்க. நான் இங்க என் குரலுக்குக் கருமாதி பண்ணிட்டு இருக்கேன்."

"நீ தொண்டையப் பிடிச்சியே," என்றார் அத்தான்.

"அது தொண்டை டாக்டரம்மா சொல்லிக் கொடுத்தது. மேல போறப்ப ரெண்டு விரல வச்சுப் பாரு, சதை இறுகாம இருந்தா நீ சரியாப் பாடுறேன்னு அர்த்தம் அப்படின்னாங்க. நான் வச்சுப் பார்த்தேன். இறுகல. சந்தோஷத்துல மறுபடி வச்சுப் பார்த்தேன். வாயத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல. ஆறு வாரம் ஊமையா இருந்தது நானா, நீங்களா?"

அவள் தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டையும் எடு. பழைய சுருதில வை."

"ஒண்ணாவது இருக்கட்டுமே அக்கா, முதல் மேடை..."

"எடுடா."

எடுத்தான். சிவப்பு விளக்கு அணைந்தது. திரையில் பூஜ்யம் வந்தது. சுண்டுவிரலை அடிக் கட்டையில் வைத்தான். மேடைப் பலகை அதிர்ந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு முதல் வரியைத் தொடங்கினாள். மூன்றாவது சொல், காற்றாகப் போன அந்த இடம், தேன் பாட்டிலின் அடியிலிருந்து வருவதுபோல் நிதானமாக, கனமாக வந்து விழுந்தது. அவள் அங்கேயே நின்று அந்த ஸ்வரத்தை, நகையை உரசிப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் இழுத்துப் பார்த்தாள். பிறகு மேலே ஏறினாள். இரண்டு விரல் தொண்டைக்குப் போயிற்று. இந்தத் தடவை அதைப் பார்த்து யாரும் எந்தப் பொத்தானையும் தேடவில்லை. டிரம்ஸுக்குப் பின்னால் அத்தான் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, பேஸ் இப்ப நல்லா வருது," என்றார் மிக்சர்காரர், நடந்தது ஒன்றும் தெரியாமல்.

"குரலு?" என்றாள் அக்கா.

"அதுல நான் தொடறதுக்கு ஒண்ணுமில்லம்மா."

நான்கு மணிக்குப் பல் டாக்டர்கள் வந்து நிறைந்தார்கள். மூன்றாவது பாட்டுவரை மரியாதைக்குக் கை தட்டினார்கள். நாலாவதில் முன்வரிசை டாக்டரம்மா ஒருத்தர் கூடவே முணுமுணுக்க ஆரம்பித்தார். எட்டாவதில் முந்நூறு பேரும் தங்கள் வாயைத் திறந்துவிட்டார்கள். பதினோராவது முடிந்து கைத்தட்டல் ஓயாதபோது அக்கா மைக்கைப் பொத்திக்கொண்டு தம்பியின் பக்கம் திரும்பினாள். வியர்வை வழிந்த முகம், கண்ணில் பழைய குறும்பு.

"கடைசிப் பாட்டுக்கு ஒண்ணு ஏத்து."

தம்பிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஏத்தவா? எதுல, லேப்டாப்லயா கீபோர்டுலயா?"

"எதுல வேணா ஏத்து. ஒருத்தர் மட்டும் ஏத்துங்க."

அத்தான் இரண்டு கையையும் குச்சியோடு தலைக்கு மேல் தூக்கி, தான் எதையும் தொடவில்லை என்று காட்டினார்.

ஆறரை மணிக்கு, சாமான்கள் ஏறிய வேனில், லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு தம்பி மனசுக்குள் கூட்டிப் பார்த்தான். அவன் இறக்கியது இரண்டு. அத்தான் இறக்கியது இரண்டு. திருப்பி ஏற்றியது நான்கு. அக்கா கேட்டு வாங்கியது ஒன்று. ஆகமொத்தம் ஒரு படி மேலே. அக்காவிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு இரண்டு, தம்பியுடையது வேன் கிளம்புமுன்பே பைசலாகிவிட்டது. அத்தானுடையது பாக்கி. அதைத் தவணையில் கட்ட முன்சீட்டிலிருந்து அவர் பேரம் பேசிக்கொண்டு வந்தார். பின்சீட்டில் அக்கா, குரலில் ஒரு கீறல் இல்லாமல், முழுசாக ஒரே தவணையில் வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தாள்.