மற்றும் பதினாறு பேர்

கல் மண்டபத்தின் கூரையைப் பழுதுபார்க்கப் பிரித்த காலையில், கல்லூரியின் பின்வாசலில் நூடுல்ஸ் கடை நடத்திய சுனோக் அக்கா எங்கள் மரபு உடையான ஹான்போக்கை வெள்ளையில் உடுத்திக்கொண்டு வந்து நின்றார். ஓய்வுபெற்ற பிறகும் வேடிக்கை பார்க்கப் போயிருந்த நான் இரண்டடி பின்னால் நகர்ந்தேன்.

இந்தக் கல்லூரியின் பராமரிப்புப் பிரிவில் முப்பத்தொரு வருடம் குப்பை கொட்டியவன் நான். சேரும்போது கொரியாவின் தேகு நகர மலைச்சரிவில் மூன்றே கட்டடங்கள்; ஓய்வுபெறும்போது நாற்பத்தொன்று. விடுமுறைக்கு ஊருக்குப் போய் வந்த பேராசிரியர் ஒருவர் தன் துறையைத் தேடி மூன்று நாள் அலைந்தார் என்றால் நம்புங்கள். பதின்மூன்று மாடி நூலகத்தின் உச்சியில் நின்றால் ஜப்பான் தெரியும் என்று புது மாணவர்களிடம் சத்தியமே செய்திருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் மூத்தது இந்த மண்டபம். போர் முடிந்த ஐந்தாம் வருடம், ஓடையிலிருந்து கல் சுமந்து கட்டியது. முகட்டு உத்திரம் ஏற்ற ஒரு வாரம் இருக்கும்போது சாரம் சரிந்து இறந்தவர் அக்காவின் கணவர்.

உத்திரம் ஏற்றும் நாளில் கட்டியவர்களின் பெயர்களைத் தாளில் எழுதி, உத்திரத்தில் குடைந்த குழிக்குள் வைத்து மூடுவது எங்கள் வழக்கம். கல்லூரியின் வரலாற்று மலரில் கணவர் பெயர் இல்லையென்று அக்கா அழுத நாளில், "அந்தத் தாள்ல அவரு பேருதான் முதல்ல, பூசணிக்கா அளவுக்கு!" என்று அளந்துவிட்டேன். என் ஆயுளில் கூரை திறக்காது என்ற தைரியம்தான்.

இப்போது தச்சர் போங், உத்திரத்துக் குழியிலிருந்து எடுத்த பழைய தாளை விரித்தார். அந்தக் காலத்து வழக்கப்படி முழுக்கச் சீன எழுத்து. அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது. நிறுவனர், முதல்வர், நன்கொடையாளர்கள், தலைமைத் தச்சர். கடைசியில், 'மற்றும் பதினாறு பேர்'.

"எதுடா தம்பி அவரு பேரு? பூசணிக்காயக் காணோமே?"

ஏதாவது ஓர் எழுத்தைத் தொட்டுக் காட்டினால் போதும். விரல்கூட நீண்டுவிட்டது. நாக்குதான் வாழ்நாளில் முதல்முறையாக மக்கர் செய்தது.

"இல்லக்கா. புளுகிட்டேன். 'மற்றும் பதினாறு பேர்'னு மட்டுந்தான் போட்டிருக்கு."

அக்கா தாளை ஒருமுறை தடவிவிட்டு நிமிர்ந்தார்.

"அந்தப் பதினாறு பேருக்கும் தலையில சோறு சுமந்து வந்து போட்டவ நான். தடிமாடு மாதிரி நிக்காத, தள்ளு. தச்சரே, இன்னிக்குப் புதுத்தாளு வைப்பீங்கல்ல? எழுதிக்கோங்க."

சொன்னார். "மா சங்டோல், மூணு கிண்ணம் திம்பான். கூ மான்சிக், முள்ளங்கிக் கிம்ச்சி இல்லேன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவான்..." போங் பெயர்களை மட்டும் எழுதிக்கொண்டே வந்தார். பதினைந்து ஆயிற்று.

பதினாறாவதாகக் கணவரின் பெயரில் அக்கா நின்றுவிட்டார். அவர் காலத்துப் பெண்கள் கணவரைப் பிள்ளையின் பெயர் சொல்லி, இன்னாரின் அப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். பிள்ளை பிறக்குமுன்பே போனவரை எப்படிக் கூப்பிட்டிருப்பார்? பழைய கூலிப் பதிவேட்டில் பார்த்து எனக்கு அந்தப் பெயர் தெரியும். வாயைத் திறந்தேன். அக்கா கையை உயர்த்தி என்னை அடக்கினார்.

தூரிகை நுனியில் மை திரண்டு தொங்கியது. போங் மறுகையை அதற்கடியில் ஏந்திக்கொண்டு காத்திருந்தார். திறந்த கூரை வழியாக இறங்கிய வெயிலில், அக்கா உதடுகளை ஈரப்படுத்திக்கொண்டார்.